கட்டுப் போட்ட முழங்காலோடு களம் திரும்பிய காகித மனிதர்

முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் போதும், அந்த ஆட்டக்காரரின் கதை முடிந்தது என்று கால்பந்து டீமில் முடிவு கட்டிவிடுவார்கள். ஆபீஸ் டீமாக இருந்தாலும் சரி, பேட்டை டீமாக இருந்தாலும் சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் போட்டிருந்த நம்பரை வேறொரு பையன் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். காயம்பட்டவர் கோடு ஓரத்தில் நின்று சோடா பாட்டிலை நீட்டுவார். இங்கே பெங்களூரில் ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் பக்கம் உள்ளவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் 20-வது வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் செய்துகொண்டு, அதே காலில் கட்டுப் போட்டுக்கொண்டு அதன் பிறகு 15 ஆண்டுகள் ஆடியவர் ஒருவர் இருந்தார். சும்மா ஆடவில்லை. ஐரோப்பாவின் தலைசிறந்த சென்டர் பார்வர்டுகளில் ஒருவர் என்று பெயர் எடுத்தார். ஒரு நாட்டையே அடக்கி ஆண்டவர்களின் கண் எதிரே, 35-வது வயதில், அந்தக் கட்டுப் போட்ட காலோடு இறங்கி கோல் போட்டார்.

அவர் பெயர் மத்தியாஸ் சிண்டலர். ஆஸ்திரியா நாட்டுக்காரர். இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வியன்னா நகரத்துக் கிழவர்கள் அண்மைக் காலம்வரை அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செங்கல் சூளைக்கு வந்த குடும்பம்

சிண்டலர் வியன்னாவில் பிறந்தவர் அல்ல. 1903 பிப்ரவரி 10 அன்று மொராவியாவில், கோஸ்லோவ் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. அன்று எல்லாமே ஒரே ஆஸ்திரிய ஹங்கேரி சாம்ராஜ்யம். வீட்டில் பேசியது செக் மொழி. தந்தையார் கொத்து வேலைக்காரர். ஊரில் பிழைப்பு இல்லை. குழந்தைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, 1905-ல், குடும்பத்தோடு வியன்னாவுக்குப் புறப்பட்டார்கள்.

வந்து இறங்கிய இடம் பாவோரிட்டன். நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருந்த தொழிலாளர் பேட்டை. வியன்னாவில் அப்போது மாளிகைகளும் பெரிய பெரிய கட்டிடங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் செங்கல் வேண்டுமே! பாவோரிட்டனை ஒட்டிய வீனர்பெர்க் மேட்டில் மண்ணை வெட்டி, பிசைந்து, அச்சில் போட்டு, சூளையில் வேகவைத்தவர்கள் பெரும்பாலும் பொகிமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் பிழைக்க வந்த செக் மக்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் செங்கல் பொகிமியர். அது மரியாதைப் பெயர் அல்ல என்பது சொல்லாமலே விளங்கும்.

சிண்டலர் குடும்பம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1888-ல், விக்டர் அட்லர் என்ற டாக்டர் இந்தச் சூளைகளுக்குள் மாறு வேடத்தில் புகுந்து பார்த்து, கண்டதைத் தமது பத்திரிகையில் எழுதினார். கூலியைப் பணமாகத் தராமல் தகர வில்லையாகத் தந்தார்கள். அந்த வில்லை கம்பெனி கடையிலும் கம்பெனி கேண்டீனிலும் மட்டுமே செல்லும். வெளியே ஒரு ரொட்டித் துண்டுகூட வாங்க முடியாது. ஒரே கொட்டடியில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகப் பல குடும்பங்கள் வைக்கோல் மேல் படுத்துக் கிடந்தன. பிழைக்கப் போன இடத்தில் அட்வான்சுக்கும் கணக்குக்கும் மாட்டிக்கொண்டவர்களின் கதை நம் பக்கத்திலும் உண்டு. இதற்கு மேல் விவரிக்க வேண்டாம். சிண்டலர் குடும்பம் வந்த காலத்துக்குள் போராட்டங்கள் நடந்து நிலைமை சற்று மாறியிருந்தது. வறுமை மட்டும் மாறவில்லை.

குவெல்லன் தெரு என்ற தெருவில் ஒரு சிறிய வீடு. தாய், தந்தை, மத்தியாஸ், மூன்று சகோதரிகள். பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் மொழி. மத்யேய் என்ற செக் பெயர் மத்தியாஸ் ஆயிற்று. ஷிண்டலார்ஷ் என்ற குடும்பப் பெயர் சிண்டலர் ஆயிற்று. வேற்று மாநிலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்களுக்கு, ரிஜிஸ்தரில் பெயர் என்ன பாடுபடும் என்பது தெரியும்.

1917-ல் தந்தையார் முதல் உலகப் போரில், இத்தாலிய எல்லையில் நடந்த சண்டையில் மாண்டார். அப்போது மத்தியாசுக்கு 14 வயது. தாயார் துணி வெளுத்து நான்கு பிள்ளைகளையும் காப்பாற்றினார். பையன் இரும்புப் பட்டறையில் பிட்டர் வேலை பழகப் போனான்.

வேலை இல்லாத நேரம் முழுவதும் தெருவில் பந்து. பந்து என்றால் தோல் பந்து அல்ல. கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டியது. செங்கல் மண் எடுத்த மேடு பள்ளங்களில் ஆட்டம். கந்தல் பந்து எகிறாது, உருளாது. காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடத் தெரிந்தவனே கெட்டிக்காரன். இடமும் குறுகல், ஆளும் அதிகம். இப்படிக் கற்றவர்களுக்கு நெரிசலில் பந்தை மறைத்துக்கொண்டு போகும் வித்தை தானாக வந்துவிடுகிறது. 1918-ல், 15 வயதில், பேட்டையிலேயே இருந்த ஹெர்தா கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது.

போன கால்

ஐந்து ஆண்டுகள் கழித்து வந்தது அந்தக் கெட்ட நேரம். 1923. விழுந்தது மைதானத்தில்கூட அல்ல. நீச்சல் குளத்தில் கால் வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் திருகிக்கொண்டது.

நாம் பேச்சு வழக்கில் ஜவ்வு என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். டாக்டர்கள் பிரித்துச் சொல்வார்கள். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடத்தில், பிறை நிலா வடிவத்தில், மெத்தைபோல இரண்டு குருத்தெலும்புகள் இருக்கின்றன. மெனிஸ்கஸ் என்று பெயர். தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவே ரப்பர் தகடு வைக்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். உடம்பின் பாரத்தையும் அதிர்ச்சியையும் அது தாங்கிக்கொள்கிறது. காலை ஊன்றிய நிலையில் உடம்பு திரும்பினால் அது கிழிந்துவிடும். கிழிந்த துணுக்கு மூட்டுக்குள் சிக்கினால் கால் நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. அதன் உட்பகுதிக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே தானாக ஒட்டாது. எக்ஸ்ரே படத்தில் குருத்தெலும்பு தெரியாது. அந்த நாளில் டாக்டர்கள் கைவைத்துப் பார்த்தே ஊகிக்க வேண்டும்.

இன்று சிறு துளை போட்டு, குழாய் விட்டு, உள்ளே பார்த்து, தைத்தோ கத்தரித்தோ விடுகிறார்கள். சில நாட்களில் நடக்க வைத்துவிடுகிறார்கள். 1920-களில் மூட்டையே திறக்க வேண்டும். பெனிசிலின் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மூட்டில் சீழ் பிடித்தால் காலே போகும். பிட்டர் வேலை பார்க்கிற ஒரு பையனுக்குக் கால் போவது என்றால் என்ன அர்த்தம்? ஆட்டம் இருக்கட்டும், அடுப்பு எரியாது. தாயாரின் சலவைத் தொட்டியும் மூன்று பெண் பிள்ளைகளும் அந்தக் காலை நம்பி இருந்தார்கள்.

கத்தியை எடுத்தவர் ஹான்ஸ் ஸ்பிட்சி. வியன்னாவின் பெரிய எலும்பு மருத்துவர். உலகப் போரில் கை கால் இழந்து வந்த சிப்பாய்களுக்கு மருத்துவமும் மறு தொழிற்பயிற்சியும் தரும் நிலையத்தை நடத்தியவர். சிதைந்த மூட்டுகளை ஆயிரக்கணக்கில் பார்த்த கை அது. போர் சிண்டலரின் தந்தையைக் கொண்டுபோயிற்று. அதே போரில் பழகிய கை மகனின் முழங்காலைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஆபரேஷன் பலித்தது. ஆனால் பயம் போகவில்லை. அன்றிலிருந்து வலது முழங்காலில் கட்டு இல்லாமல் அவர் மைதானத்தில் இறங்கியதே இல்லை. பழைய போட்டோக்களில் பாருங்கள். ஒல்லியான உடம்பு, ஏறிய நெற்றி, வலது முழங்காலில் வெள்ளைக் கட்டு.

ஆட்டமே மாறியது

திரும்பி வந்தவரின் ஆட்டம் பழைய ஆட்டமாக இல்லை. இதுதான் இந்த வரலாற்றில் முக்கியமான இடம் என்பது என் எண்ணம்.

அக்காலத்து சென்டர் பார்வர்டு என்றால் கடா மாதிரி இருக்க வேண்டும். மோதித் தள்ளி, பேக்கை இடித்து, பந்தோடு கோலுக்குள் விழ வேண்டும். சிண்டலரால் மோத முடியாது. மோதினால் முழங்கால் போய்விடும். ஆகவே மோதல் வரும் முன்பே அங்கிருந்து நழுவிவிடக் கற்றுக்கொண்டார். வலப்பக்கம் போவதுபோலத் தோளை அசைத்து இடப்பக்கம் போவார். பேக் காலை நீட்டுவான், அங்கே ஆளும் இருக்காது பந்தும் இருக்காது. கோல் வாயிலிலேயே காத்து நிற்காமல் பின்னால் இறங்கி வந்து, பந்தை வாங்கி, குட்டைக் குட்டையாக பாஸ் கொடுத்து ஆட்டத்தை நடத்துவார். அவரைப் பிடிக்க வேண்டிய பேக் பின்னோடு போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று விழிப்பான். 1950-களில் ஹங்கேரிக்காரர்கள் ஹிடெக்குட்டியை வைத்து ஆடி உலகத்தை வியக்கவைத்த முறைக்கு இது முன்னோடி என்று கால்பந்து வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டு ஆட்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் ஒரு தாள் நுழைவதுபோல நுழைந்துவிடுவார். அதனால் அவருக்குக் காகித மனிதர் என்று பெயர் வந்தது. ஒல்லி உடம்பும் அந்தப் பெயருக்குப் பொருந்தியது. காயம் மட்டும் படாமல் இருந்தால் இவரும் நாலோடு ஐந்தாக, இடித்து ஆடும் பார்வர்டாகப் போயிருப்பாரோ என்று நான் நினைப்பதுண்டு.

ஹெர்தா கிளப் பணமுடையில் தள்ளாடியது. 1924-ல் சிண்டலர் அமெச்சூர் கிளப்புக்குப் போனார். 1926-ல் அந்தக் கிளப் பெயரை மாற்றிக்கொண்டு ஆஸ்திரியா வியன்னா ஆயிற்று. பெயர்தான் அமெச்சூர். 1924-லேயே ஆஸ்திரியாவில் சம்பளத்துக்கு ஆடும் லீக் வந்துவிட்டது. பிரிட்டனுக்கு வெளியே, ஐரோப்பாவில் முதன்முதலாக. பிட்டர் வேலையும் கிடைக்காத வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில், கட்டுப் போட்ட கால் குடும்பத்துக்குச் சோறு போட ஆரம்பித்தது. 1926 செப்டம்பர் 28-ல் பிராக் நகரில் செக்கோஸ்லோவாக்கியாவை எதிர்த்து முதன்முதலாக நாட்டுக்காக ஆடினார். 2-1 வெற்றி. அதில் ஒரு கோல் அவருடையது. தாம் பிறந்த மண்ணின் டீமுக்கு எதிராக!

பாங்கி குமாஸ்தா தள்ளிவைத்தார், திரும்ப அழைத்தார்

ஆஸ்திரிய டீமைத் தேர்ந்தெடுத்து நடத்தியவர் ஹூகோ மைஸ்ல். இவரும் பொகிமியாவிலிருந்து வியன்னாவுக்கு வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. பாங்கியில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே கால்பந்து நிர்வாகத்தில் நுழைந்து, ஐரோப்பா முழுவதும் பெயர் எடுத்தவர். குமாஸ்தா உத்தியோகத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

1929 ஜனவரியில் நியூரம்பர்க் நகரில், பனி கொட்டிய மைதானத்தில், தென் ஜெர்மனி டீமிடம் ஆஸ்திரியா 5-0 என்று உதை வாங்கியது. பனியில் பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும் என்பது மைஸ்லின் கட்சி. குட்டை பாஸ் போதாமல் போனதால்தான் தோற்றோம் என்று சிண்டலர் சொன்னதாகக் கதை. மேலதிகாரியிடம் இப்படிப் பேசினால் என்ன நடக்கும் என்பது ஆபீஸ் போகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாட்டு டீமில் சிண்டலருக்கு நிலையான இடம் இல்லை.

1931 மே மாதம் ஸ்காட்லாந்து டீம் வியன்னா வந்தது. பிரிட்டிஷ் ஆட்டம் என்றால் அந்தக் காலத்தில் குரு ஸ்தானம். வியன்னாவில் காபிக் கடைகள்தான் கால்பந்து பார்லிமெண்ட். மைஸ்ல் உட்காரும் காபிக் கடையில் பத்திரிகைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சிண்டலரைக் கேட்டு நச்சரிக்க, அவர் ஒரு தாளை வீசி, இதோ உங்கள் கிறுக்கல் டீம் என்று கொடுத்துவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு. கதை எப்படி இருந்தாலும், மே 16 அன்று சிண்டலர் நடுவில் இறங்கினார். ஸ்காட்லாந்து 5-0 என்று தோற்றது.

அதன் பிறகு நடந்தது அடைமழை. பெர்லினில் ஜெர்மனியை 6-0. செப்டம்பரில் வியன்னாவில் மறுபடியும் ஜெர்மனியை 5-0. அதில் சிண்டலர் மூன்று. சுவிட்சர்லாந்தை 8-1. 1932 ஏப்ரலில் பக்கத்து வீட்டுப் பகையாளியான ஹங்கேரியை 8-2. அன்றும் சிண்டலர் மூன்று. 1931 ஏப்ரலிலிருந்து 1932 அக்டோபர் வரை 14 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. அற்புத டீம் என்று ஐரோப்பா அழைத்தது. 1932 டிசம்பர் 7 அன்று லண்டனில் இங்கிலாந்திடம் 4-3 என்று தோற்றார்கள். ஆனால் ஜெயித்த இங்கிலாந்துப் பத்திரிகைகளே தோற்றவர்களைத்தான் புகழ்ந்து எழுதின. சிண்டலர் ஒரு கோல் போட்டிருந்தார்.

1933-ல் மத்திய ஐரோப்பிய கிளப்புகளின் மித்ரோப்பா கோப்பை. இறுதிப் போட்டியில் மிலான் நகரத்து அம்ப்ரோசியானாவிடம் முதல் ஆட்டத்தில் 2-1 தோல்வி. வியன்னாவில் இரண்டாவது ஆட்டம், 3-1 வெற்றி. மூன்று கோலும் ஒரே ஆள்! 1936-லும் அந்தக் கோப்பை அவருடைய கிளப்புக்கு வந்தது.

1934 உலகக் கோப்பை இத்தாலியில் நடந்தது. முசோலினி ஆட்சி. பிரான்சையும் ஹங்கேரியையும் வென்று ஆஸ்திரியா அரை இறுதிக்கு வந்தது. ஜூன் 3, மிலான். மழையில் மைதானம் வயல் சேறாகிவிட்டது. குட்டை பாஸ் எங்கே ஓடும்? இத்தாலி டீமில் அர்ஜெண்டினாவில் பிறந்த லூயிஸ் மோன்ட்டி, பாறை மாதிரி ஆள், சிண்டலரை நிழலாகத் தொடர்ந்து அடித்து நொறுக்கினார். 1-0. இத்தாலி ஜெயித்தது. மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் காயத்தோடு சிண்டலர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் மறுபடி வந்தார். இதற்குள் கடிகார விளம்பரத்தில் அவர் முகம், பால் பண்ட விளம்பரத்தில் அவர் முகம், ஒரு சினிமாப் படத்திலும் தலைகாட்டினார். குடியிருப்பு மட்டும் பாவோரிட்டனில், அதே தெருவில், தாயாரோடு.

35 வயதில் ஒரு நாள்

1937 பிப்ரவரியில் மைஸ்ல் மாரடைப்பால் இறந்தார். 1938 மார்ச் 12 அன்று ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. நாடே மறைந்தது. ஜெர்மனியின் ஒரு மாகாணம் ஆயிற்று. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த ஆஸ்திரிய டீம் கலைக்கப்பட்டது. ஹக்கோவா என்ற யூதர் கிளப் தடை செய்யப்பட்டது. ஆஸ்திரியா வியன்னா கிளப்பின் தலைவர் டாக்டர் மிஷல் ஷ்வார்ஸ் யூதர் என்பதால் நீக்கப்பட்டார். அவருக்கு வணக்கம் சொல்லக்கூடாது என்று ஆட்டக்காரர்களுக்கு உத்தரவு. சிண்டலர் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்வதை நிறுத்தவில்லை. சின்ன விஷயம் மாதிரி தெரியும். அந்த நாளில் அது சின்ன விஷயம் அல்ல.

இணைப்பைக் கொண்டாட ஒரு ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். 1938 ஏப்ரல் 3, வியன்னா பிராட்டர் ஸ்டேடியம். ஜெர்மனிக்கும், இல்லாமல் போன ஆஸ்திரியாவுக்கும் போட்டி. ஒரு வாரத்தில் இணைப்புக்கு வாக்கெடுப்பு. நாஜி பெரிய மனிதர்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

முன்பாதி முழுவதும் சிண்டலர் வினோதமாக ஆடினார். கோல் எதிரே நின்றுகொண்டு, குழந்தைகூடப் போடும் பந்துகளை வெளியே தட்டினார். கிண்டலுக்காக வேண்டுமென்றே செய்தார் என்று பார்த்தவர்கள் பலர் பின்னால் சொன்னார்கள். பின்பாதியில் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. எகிறி வந்த ஒரு பந்தை உள்ளே அனுப்பினார். தூரத்திலிருந்து அடித்த ஒரு பிரீ கிக்கில் ஷெஸ்டா இரண்டாவது கோலைப் போட்டார். 2-0. அதிகாரிகள் உட்கார்ந்திருந்த மேடைக்கு எதிரே சிண்டலர் நடனமாடினார் என்பது வியன்னாவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. ஆடினாரோ இல்லையோ, 60,000 பேர் முன்னால் கோல் போட்டது உண்மை. 35 வயது, அதே கட்டு.

அடுத்து ஜெர்மன் டீமின் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் அவரை அழைத்தார். பிரான்சில் உலகக் கோப்பை. ஆஸ்திரியர்களையும் ஜெர்மானியரையும் கலந்து ஒரு டீம். வயதாகிவிட்டது, முழங்கால் சரியில்லை என்று சொல்லி சிண்டலர் மறுத்துவிட்டார். 15 ஆண்டுகளாக எந்த முழங்காலைக் காரணம் காட்டி யாரும் அவரை உட்காரவைத்துவிடக்கூடாது என்று பாடுபட்டாரோ, அந்த முழங்காலையே அன்று கேடயமாகப் பிடித்தார். உண்மையில் நாஜி கொடிக்காக ஆட மனமில்லை என்பதே காரணம் என்று பலர் நம்பினார்கள். அந்தக் கலப்பு டீம் முதல் சுற்றிலேயே சுவிட்சர்லாந்திடம் தோற்று ஊர் திரும்பியது.

ஆனால் அவரை மாசு மருவற்றவராகக் காட்டுவது சரியல்ல. சம்பளத்துக்கு ஆடும் லீக்கை நாஜிகள் ஒழித்துவிட்டார்கள். பிழைப்பு வேண்டும். பாவோரிட்டனில் லக்சன்பர்கர் தெருவில் ஒரு காபிக் கடை. உரிமையாளர் லியோபோல்டு டிரில் ஒரு யூதர். யூதர்களின் கடைகளைப் பறித்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் சட்டப்படி, 1938 ஆகஸ்டில் அந்தக் கடை சிண்டலர் கைக்கு வந்தது. நியாய விலை கொடுத்தார், உதவி செய்யத்தான் வாங்கினார் என்று ஒரு சாரார் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கடையின் உண்மை மதிப்பு அதைவிட அதிகம் என்று பின்னாளில் ஆவணங்களைப் புரட்டியவர்கள் காட்டினார்கள். டிரில் பின்னர் நாஜி முகாமில் உயிர்விட்டார். டாக்டர் ஷ்வார்சுக்கு வணக்கம் சொன்னவரும், டிரிலின் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவரும் ஒரே மனிதர்தான். முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இதை மறைப்பது டிரிலுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

கடையை நடத்திக்கொண்டே கிளப்புக்கு ஆடினார். 1938 டிசம்பர் 26-ல் பெர்லினில் ஆடியது கடைசி ஆட்டம்.

1939 ஜனவரி 23 காலை, அன்னா சந்து என்ற தெருவில் ஒரு வீட்டுக் கதவை நண்பர் ஒருவர் உடைத்துத் திறந்தார். படுக்கையில் சிண்டலர் இறந்து கிடந்தார். அருகில் அவருடைய தோழி, இத்தாலியப் பெண்மணி கமில்லா கஸ்தாஞோலா, நினைவிழந்து கிடந்தார். அவரும் பிழைக்கவில்லை. புகைபோக்கிக் கோளாறால் அறையில் நிறைந்த கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். விபத்து என்று போலீஸ் கோப்பை மூடியது. தற்கொலை என்றார்கள் சிலர், கொலை என்றார்கள் சிலர். எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. நாடு தொலைத்த மக்களுக்கு வெறும் புகைபோக்கி போதுமான காரணமாகத் தோன்றவில்லை. 36 வயது நிறைய 18 நாட்கள் இருந்தன.

இறுதி ஊர்வலத்தில் 15,000 பேருக்கு மேல் நடந்தார்கள். கூட்டம் கூடுவதே சந்தேகத்துக்குரியதாக இருந்த காலம் அது. நாட்டுக்காக 43 ஆட்டங்கள், 26 கோல்கள் என்பது கணக்கு. வியன்னா மத்திய இடுகாட்டில் புதைத்தார்கள். கல்லறைக் கல்லில் ஒரு கால்பந்து இருக்கிறது. 1960-ல் பாவோரிட்டனில் ஒரு தெருவுக்குச் சிண்டலர் பெயர் வைத்தார்கள். சூளைக்காரர்கள் மண் வெட்டிய அதே பேட்டையில் அந்தத் தெரு இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் கிளப்காரர்கள் இடுகாட்டுக்குப் பூ வைக்கப் போகிறார்கள்.